பத்து பேர் கையெழுத்துல ஒரு தெரு பத்திரிகை: பேப்பர்ல எழுதி, போன்ல திருத்தி, திரும்ப பேப்பருக்கே கொண்டு வர்றது எப்படி

வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். சென்னை காசிமேட்டுல விசைப்படகு எல்லாம் கட்டி கிடக்கும், வலை பழுது பாக்குறது பெயிண்ட் அடிக்கிறதுன்னு பகல்ல வேலை இருக்கும், சாயந்திரம் ஆனா எல்லாரும் தெருவுலதான். அப்படி ஒரு தடைக்காலத்துல எங்க தெருவுல பத்து பேர் சேர்ந்து எட்டு பக்கத்துக்கு ஒரு கையெழுத்து பத்திரிகை போட்டோம். எப்படி செஞ்சீங்கன்னு பக்கத்து தெரு பிள்ளைங்க கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன்.

முதல்ல பேனா, அப்புறம்தான் போன்

எடுத்த உடனே போன்ல ஆரம்பிக்காதீங்க. நாங்க அதைத்தான் பண்ணோம். கூகுள் டாக்ஸ்ல ஒரு ஃபைல் ஓபன் பண்ணி லிங்க்க குரூப்ல போட்டோம், ரெண்டே நாள்ல பக்கம் பக்கமா ரொம்பிடுச்சு, பாத்தா எழுதுனது எல்லாம் காலேஜ் படிக்கிற மூணு பேருதான். வேகமா டைப் பண்ண வர்றவங்க பேச்சு மட்டும்தான் நிக்குது, மீன் விக்கிற ஆயா, வலை பாக்குற தாத்தா எல்லாம் எட்டி பாத்துட்டு "நல்லா கீதுமா"ன்னு போயிட்டாங்க. அவங்ககிட்ட விஷயம் இல்லாமயா? மறுநாள் ஆளுக்கு ரெண்டு தாளும் ஒரு பேனாவும் கொடுத்தோம், ஆயா ஒன்றரை பக்கம் எழுதி கொடுத்தாங்க, ஓரத்துல ஏலக்கணக்கு, ஒரு மூலையில ஈரக்கை பட்டு மை ஊறி இருந்துச்சு. எங்க பத்திரிகையில நல்ல பக்கம்னா எனக்கு அதுதான்.

பேப்பர் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல வாங்கலாம், மொத்த கடைங்க அங்கதான். கோடு போடாத ஏ4 வாங்குங்க, கோடு போட்ட ஒரு தாள அடியில வெச்சா மேல நிழலா தெரியும், வரி கோணாது. கறுப்பு பால் பாயிண்ட் பேனாவே போதும். நீலம் வேணாம், ஜெராக்ஸ்ல வெளிறிடும். சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் விடுங்க, இல்லனா ஓரத்து எழுத்து மெஷின்ல வெட்டு வாங்கும்.

எழுதுனத போனுக்கு ஏத்துறது

கூகுள் டிரைவ் ஆப்ல பிளஸ் பட்டன அமுக்குனா ஸ்கேன் வரும், ஜன்னல் வெளிச்சத்துல தாள வெச்சு எடுங்க, டியூப்லைட்டுக்கு அடியில நின்னா உங்க நிழலே விழுந்துடும். அப்புறம் கம்ப்யூட்டர்ல டிரைவ தொறந்து அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி, ஓபன் வித்ல கூகுள் டாக்ஸ் குடுத்தா படத்துல இருக்குற எழுத்த டைப் பண்ண எழுத்தா மாத்தி தரும். இதுக்கு பேரு ஓசிஆர். ஃபைல் 2 எம்பிக்குள்ள இருக்கட்டும், படம் தலைகீழா இல்லாம நேரா இருக்கணும்.

ஆனா இது அச்சு எழுத்துக்கு நல்லா வர்ற மாதிரி கையெழுத்துக்கு வராது. கூட்டெழுத்தா எழுதுறவங்க பக்கத்துக்கு உக்காந்து டைப் பண்றதுதான் சீக்கிரம் முடியும், ஒருத்தர் படிக்க ஒருத்தர் அடிங்க.

தாத்தா பக்கத்துல எங்களுக்கு வேற ஒரு சிக்கல். அவர் எழுதுனது பூரா வலைய பத்தி. போன்ல ஒரு ஆப்ல போட்டு எடுத்தா வலைன்னு வர வேண்டிய இடம் எல்லாம் என்னென்னமோ வருது. அவர்கிட்ட காமிச்சா "இன்னாமா இது, என் வலையவே காணோம்"னு கேக்குறாரு. தாள கிட்ட வெச்சு பாத்தப்பதான் புரிஞ்சுது, அவர் லை எழுதுறது பழைய லை. ல-வுக்கு முன்னாடி ரெட்டை சுழி போடாம, யானை தும்பிக்கைய தூக்குன மாதிரி மேல ஏத்தி சுழிச்சு எழுதுறாரு. ணை, லை, ளை, னை நாலுக்கும் அப்ப அப்படித்தான், ணா, றா, னாவுக்கும் வேற வடிவம். பெரியார் 1935லயே குடிஅரசுல இத மாத்தி அச்சடிச்சாரு, அரசாணை வந்தது 1978ல. அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போனவங்க பலபேரு கை இன்னும் பழசத்தான் எழுதும். அதனால வீட்டுல பெரியவங்க தாள் வந்தா மெஷின நம்பாதீங்க, அவங்க பக்கத்துல உக்காந்து வாய் விட்டு படிக்க சொல்லி அடிங்க. எங்களுக்கு அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு முழு சாயந்திரம் ஆச்சு, தாளுல இல்லாத நாலு கதை கூட கெடச்சுது.

சேர்ந்து திருத்துறது

இங்கதான் சண்டை வரும். பத்து பேருக்கும் எடிட்டர் பர்மிஷன் குடுக்காதீங்க, ரெண்டு பேர் எடிட்டர், மத்தவங்க கமெண்டர், அதாவது நேரா மாத்த முடியாது, கருத்து போடலாம். எடிட்டரும் நேரா அழிக்க கூடாது, மேல மூணு புள்ளிய அமுக்கி சஜெஸ்ட் சேஞ்சஸ் ஆன் பண்ணிட்டு திருத்தணும். அப்ப பழைய வார்த்தை மேல கோடு விழும், புதுசு பக்கத்துல வேற கலர்ல நிக்கும், ஏத்துக்கலாம் இல்ல தள்ளிடலாம்.

ஆயா "விடிகாலையில கூடைய இட்டாந்தேன்"னு எழுதி இருந்தாங்க. ஒரு பையன் அத "எடுத்து வந்தேன்"னு மாத்திட்டான், நல்ல எண்ணத்துலதான். நான் படிச்சு காமிச்சேன். "நான் எப்பம்மா எடுத்து வந்தேன், இட்டாந்தேன்னு தான எழுதுனேன்"னாங்க. தள்ளிட்டோம். அன்னைக்கே ஒரு விதி வெச்சோம்: எழுத்துப்பிழைய திருத்தலாம், பேச்ச திருத்த கூடாது, எதுவா இருந்தாலும் எழுதுனவங்ககிட்ட படிச்சு காமிச்சுட்டுதான் ஏத்தணும். நீங்களும் இத ஆரம்பத்துலயே வெச்சுடுங்க.

எது முடிஞ்சுது எது முடியலன்னு குழம்பாம இருக்க விக்கிமூலம்ன்ற இணைய நூலகத்துல இருந்து ஒரு வழிய எடுத்துக்கிட்டோம். அங்க பழைய புத்தகங்கள ஸ்கேன் பக்கத்த பாத்து பாத்து சரி பண்றாங்க, பாக்காத பக்கம் சிவப்பு, ஒருத்தர் பாத்தது மஞ்சள், ரெண்டாவது ஆளும் பாத்துட்டா பச்சை. முதல்ல பாத்தவரே பச்சை போட முடியாது, அதான் அதுல அழகு. நாங்க தலைப்புக்கு அந்த கலர போட்டோம்.

தெரியாம யாராவது மொத்தத்தையும் அழிச்சிட்டாலும் பயப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல ஃபைல் மெனுவுல வெர்ஷன் ஹிஸ்டரின்னு இருக்கு, நேத்து இருந்தத திரும்ப எடுக்கலாம்.

திரும்ப கைக்கு

பச்சை ஆன பக்கத்த அவங்கவங்க கையாலயே புது தாளுல எழுதணும். டைப் பண்ணதையே பிரிண்ட் போட்டா என்னன்னு கேட்டாங்க. போடலாம், ஆனா பத்து பேரு எழுதுனது ஒருத்தர் எழுதுன மாதிரி ஆயிடும், எனக்கு அது மனசு ஒப்பல.

எட்டு பக்கத்துக்கு ரெண்டு ஏ3 தாள் வேணும். முதல் தாள்ல ஒரு பக்கம் இடது 8, வலது 1, பின்னாடி இடது 2, வலது 7. ரெண்டாவது தாள்ல இடது 6, வலது 3, பின்னாடி இடது 4, வலது 5. ஜெராக்ஸ் கடையில இத துண்டு சீட்டுல எழுதி குடுத்துடுங்க, ஒரே ஒரு காப்பி எடுத்து மடிச்சு பாத்துட்டு அப்புறம் மொத்தமா போட சொல்லுங்க. நடு மடிப்புல ரெண்டு பின் அடிச்சா முடிஞ்சுது.

ஒரிஜினல லேமினேட் பண்ணாதீங்க, பண்ணா திரும்ப பிரிக்க முடியாது. கடல் காத்துக்கு தாள் நமுத்து போகும், பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு பீரோ மேல்தட்டுல வைங்க.

தாத்தா பக்கத்த மட்டும் நாங்க திரும்ப எழுத சொல்லல. முதல்ல குடுத்த தாளையே அப்படியே ஜெராக்ஸ் போட்டோம், வலைக்கு வலை தும்பிக்கையோட. ஜூன் 14 சாயந்திரம் போட்டுல ஐஸ் ஏத்திட்டு இருந்தவங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுத்தோம்.