பறவைக் காய்ச்சல் உங்கள் பண்ணைக்குள் எந்த வழியாக நுழையக்கூடும்: ஆபத்துக் காரணிகளைக் கண்டறியும் முறை

இந்தியாவில் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தைச் சேர்ந்த நவாபூரில். அதன் பிறகு கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் 2014, 2016, 2021, 2024 என அது மீண்டும் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் நாமக்கல் பண்ணையாளர்கள் முதலில் கேட்பது, நோய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத்தான். ஆனால் நாள்தோறும் முட்டை லாரி போய்வரும் ஊர், எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும், நோயின் கணக்கில் பக்கத்து ஊர்தான். எனவே தூரத்தை அளப்பதற்கு முன், உங்கள் பண்ணைக்கு எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஏழு நாள் பொறுமையும் போதும். பண்ணை எல்லைக்குள் வரும் ஆள், வண்டி, பொருள், பறவை, விலங்கு ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அது எங்கிருந்து வந்தது, கடைசியாக எந்தப் பண்ணையையோ சந்தையையோ தொட்டுவிட்டு வந்தது, உள்ளே எதுவரை போனது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பண்ணையாளர் நினைவிலிருந்து சொல்லும் எண்ணிக்கைக்கும் நோட்டில் ஏறும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியிலேயே பாதி ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கெடுப்பில் முதன்மையாகத் தேட வேண்டியது எச்சத்தைத்தான். நோயுற்ற பறவையின் எச்சத்திலும், மூக்கு, வாய் வழியே வடியும் நீரிலும் வைரஸ் பெருமளவில் வெளியேறுகிறது. கடும் வெயிலும் உலர்ச்சியும் அதைச் சீக்கிரம் அழித்துவிடும். குளிர்ந்த, ஈரமான எருவிலும் நீரிலும் அது வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே ஈர எரு ஒட்டக்கூடிய எந்தப் பொருளும், அது செருப்பாகட்டும், டயராகட்டும், முட்டை அட்டையாகட்டும், வைரஸைச் சுமந்து வரலாம்.

நோட்டில் பெரும்பாலும் முதலிடம் பிடிப்பவை வண்டிகள். முட்டை லாரி, தீவன லாரி, எரு ஏற்றும் டிராக்டர், முட்டைப் பருவம் முடிந்த கோழிகளை வாங்கிச் செல்லும் வண்டி ஆகியவை ஒரே நாளில் பல பண்ணைகளுக்குள் புகுந்து புறப்படுகின்றன. இவற்றில் என் கணிப்பில் மிகவும் அஞ்ச வேண்டியது கோழி ஏற்ற வரும் வண்டிதான், ஏனென்றால் அதன் கூண்டுகளில் முந்தைய பண்ணையின் எச்சம் காயாமலே இருக்கும். வண்டி கொட்டகைக்கு அருகே வராமல், எல்லைச் சுவரை ஒட்டி ஓர் ஏற்றுமிடம் அமைத்து, அங்கேயே சரக்கைக் கைமாற்றுவது சிறந்தது. இடமில்லாதவர்கள், உள்ளே வரும் வண்டியின் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். சேறும் எருவும் ஒட்டியிருக்கும் டயரின் மேல் தெளிக்கப்படும் மருந்து அந்த அழுக்கிலேயே வீரியம் இழந்துவிடுகிறது. சோதனைச் சாவடிகளில் வேகமாக அடித்து அனுப்பும் மருந்தை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

முட்டை அட்டைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போய்த் திரும்பும் காகித அட்டையைக் கழுவவும் முடியாது, கிருமி நீக்கவும் முடியாது. எச்சக் கறையோடு வரும் காகித அட்டையை எரித்துவிட்டு, கழுவி வெயிலில் உலர்த்தத்தக்க பிளாஸ்டிக் அட்டைகளுக்கு மாறுவது செலவுதான், ஆயினும் ஒரு கொட்டகைக் கோழிகளின் மதிப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

அடுத்தது இறந்த கோழிகள். மீன் குட்டைக்குத் தீவனமாகும் என்று அவற்றை வாங்கிச் செல்பவர்கள் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு ஏறத்தாழ 5 கோடி கோழிகளையும் வான்கோழிகளையும் இழக்கச் செய்த பரவலுக்குப் பின், அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களின் முட்டைக் கோழிப் பண்ணைகளை ஆராய்ந்தபோது, இறந்த கோழிகளை அகற்றும் வண்டி கொட்டகைக்கு அருகே வருவது நோய்த் தாக்கத்தோடு தொடர்புடைய காரணிகளுள் ஒன்றாகத் தெரியவந்தது. வெளியாட்கள் உடை மாற்றிக்கொண்டு நுழைந்த பண்ணைகளில் ஆபத்து குறைந்திருந்தது. ஆகவே பண்ணைக்குள்ளேயே, நீர்நிலையிலிருந்து விலகிய இடத்தில், நாயும் காகமும் தோண்டி எடுக்க முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைப்பதை வழக்கமாக்குங்கள்.

மனிதர்களைப் பொறுத்தவரை, காலணியை மாற்றுவதே மிகப் பெரிய தடுப்பு. வாசலில் வைக்கப்படும் மருந்துத் தொட்டி இரண்டு நாளில் சேறாகிவிடுவதை யாவரும் அறிவோம். அதைவிட, கொட்டகை வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு திண்ணை கட்டி, வெளிச் செருப்பை இந்தப் பக்கம் கழற்றிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து கால்களைத் திருப்பி, அந்தப் பக்கம் இருக்கும் உள் செருப்பை அணியச் செய்வது நம்பகமானது. ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு நிறத்தில் செருப்பு இருந்தால் யார் விதியை மீறினார் என்பது உடனே தெரியும். தொழிலாளர்கள் தம் வீட்டில் நாட்டுக்கோழியோ வாத்தோ வளர்க்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வளர்க்க வேண்டாம் என்று வெறுமனே தடை போடுவதைவிட, அதற்கு ஈடாக மாதம் ஒரு தொகையோ முட்டையோ கொடுப்பதே முறை, அவர்களுக்கும் அது வருமானம் அல்லவா.

இனி பறவைகள். வாத்து இந்த நோயில் தனி இடம் வகிக்கிறது: பல வேளைகளில் அது நோய்க்குறி எதையும் பெரிதாகக் காட்டாமலே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அறுவடை முடிந்த நெல் வயல்களில் மேயும் வாத்துக் கூட்டங்களுக்கும் நோய்ப் பரவலுக்கும் இருந்த தொடர்பு 2004-இல் தாய்லாந்தில் தெளிவாகக் காணப்பட்டது. ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டு வயல்களின் நிலைமையும் அதை ஒத்ததே. உங்கள் பண்ணையைச் சுற்றி மேய்ச்சல் வாத்துகள் வந்து தங்குகின்றனவா என்று பாருங்கள். கோழியோடு வாத்தையோ வான்கோழியோ சேர்த்து வளர்க்கவே வேண்டாம். வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரையான காலத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2021 ஜனவரியையொட்டி இமாச்சலத்தின் போங் அணை ஏரியில் ஆயிரக்கணக்கில் மடிந்த பறவைகளில் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகள். அதே இனம் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் குளிர்கால விருந்தாளி. அப்பறவைகள் நேராகக் கொட்டகைக்குள் வருவதில்லை. குளத்தில் அவற்றோடு பழகும் காகமும், சிந்திய தீவனத்தைத் தேடி வரும் மைனாவும், கொங்குப் பகுதியில் பெருகிவிட்ட மயிலும் இடைத்தரகராகலாம். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டி அள்ளுவதும், கொட்டகைப் பக்கங்களில் சிட்டுக்குருவி நுழையாத வலை அடிப்பதும், அருகிலுள்ள நீர்தேங்கும் பள்ளங்களை மூடுவதும் இதற்கான பணிகள். ஏரி, குளம், வாய்க்கால் நீரைக் கோழிக்குக் கொடுப்பவர்கள் குளோரின் கலந்து சுத்திகரிக்காமல் கொடுக்கக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் நோய் வந்தால், இழப்பின் அளவைத் தீர்மானிப்பது காலதாமதம். திடீரென இறப்பு கூடுவது, தீவனமும் தண்ணீரும் எடுப்பது குறைவது, முட்டை எண்ணிக்கை சரிவது, கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்வது ஆகியவை அறிகுறிகள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்னும் வேறொரு கோழி நோயிலும் இவற்றில் சில தோன்றுவதால், அதுவாகத்தான் இருக்கும் என்று சில நாள் கடத்துவது வழக்கமாக நடக்கும் தவறு. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இறந்த கோழியைப் பண்ணையிலேயே அறுத்துப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கும் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் பாதிக்கப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படும். அரசு அழிக்கும் பறவைகளுக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும் இழப்பீடு உண்டு. முடிவு வரும்வரை, நலமாகத் தோன்றும் கோழிகளை அவசரமாக விற்றுவிட எண்ணாமல், வாசலைப் பூட்டி, ஒரு முட்டையும் ஒரு வண்டியும் வெளியே போகாதபடி நிறுத்தி வையுங்கள்.