மலையில் ஹாக்கி ஆடுபவர்கள் ஜெர்ஸிக்குள் என்ன போடக் கூடாது?

ஜனவரியில் காலை ஏழு மணிக்கு ஊட்டியில் மைதானத்துக்குப் போனால், சில நாள் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். அந்தக் குளிருக்குப் பயந்து, கையில் கிடைத்ததை எல்லாம் ஜெர்ஸிக்குள் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். குளிர் ஞாபகத்தில் இருக்கிறது, வியர்வை மறந்துபோகிறது. உள்ளுடை விஷயத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு பருத்தி பனியன். வெயில் ஊருக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஓடிக்கொண்டிருக்கும் வரை அது உறைக்காது. கோல்கீப்பர் பாடுதான் பெரும்பாடு. எதிரணி நெருக்கும்போது பாய்ந்து விழுந்து எழுந்து தொப்பலாக நனைந்துவிடுவோம். அப்புறம் பந்து மறுமுனைக்குப் போய்விடும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈர பனியன் முதுகில் ஒட்டியிருக்க, காற்றும் வீசினால் உடம்புச் சூடு மளமளவென இறங்கும். குன்னூரில் ஒரு டிசம்பர் ஆட்டத்தில், கடைசிக் கால்பகுதியில் கையுறைக்குள் என் விரல்கள் விறைத்து, சாதாரணமாகத் தடுக்க வேண்டிய பந்தை விட்டேன். அன்று உள்ளே போட்டிருந்தது பருத்திதான்.

சரி, தெர்மல் எனும் குளிர்கால உள்ளுடை வாங்கலாமே என்பார்கள். குளிருக்குப் போர்த்திப் படுக்கவும் ஊர் சுற்றவும் விற்கும் தடித்த தெர்மல் ஆட்டத்துக்கு ஆகாது. ஏழு மணிக்குப் பனி என்றால், பத்து மணிக்கு மலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மார்புக் காப்பு, பேடு, ஹெல்மெட் எல்லாம் ஏற்கெனவே சூட்டை அடைத்து வைக்கின்றன. உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் முழுக்கை பனியன் போதும். திருப்பூரிலிருந்து எவ்வளவோ வருகிறது. குளிர் கூடுதலாக இருந்தால் அதற்கு மேல் இன்னொரு மெல்லியதைப் போடுங்கள், வெயில் வந்ததும் இடைவேளையில் கழற்றிவிடலாம். மெரினோ கம்பளி இன்னும் நல்லது, ஈரமானாலும் கதகதப்பு போகாது, நாற்றமும் குறைவு. விலைதான் எட்டாது.

‘வளர்ற பையன்’ என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பதும் தவறு. உள்ளுடை தோலைத் தொட்டால்தான் வியர்வையை வெளியே இழுக்கும். காலில் போடுவது தொளதொளத்தால், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டுக்குள் மடிப்பு விழுந்து காலை உரசிப் புண்ணாக்கும். கடையிலேயே ஸ்டிக் பிடிப்பதுபோலக் குனிந்து, கையை உயர்த்திப் பாருங்கள். முதுகு வெளியே தெரிந்தால் வேண்டாம். தோள்மேல் தடித்த தையல் ஓடுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். மார்புக் காப்பின் பட்டை அங்கேதான் அழுத்தும்.

துவைக்கும்போது, துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். அது இழைமேல் படிந்து, வியர்வை இழுக்கும் குணத்தைக் கெடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் துணி காய்வதே பெரும் பாடு. அதற்காக அடுப்போரம் தொங்கவிட்டால் பாலியெஸ்டர் சுருங்கிப் பாழாகும். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் பருத்தி பனியனைத் தூக்கிப் போட வேண்டாம். ஒன்றை மடித்துப் பையில் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும், அரட்டைக்கும் டீக்கும் முன்னால், உடம்பைத் துடைத்துவிட்டு அதை மாற்றிக்கொண்டு மேலே ஸ்வெட்டர் போடுங்கள்.