கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா? விரலால் அழுத்திப் பார்க்கும் முறை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இது. படியில் கால் மடங்கி, கணுக்கால் வீங்கி ஒருவர் வருகிறார். எக்ஸ்ரே வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புவதா?

படி 1: வீக்கத்தைப் பார்த்து மிரளாதீர்கள், முதலில் ரத்த ஓட்டம். கொலுசு, மெட்டியை உடனே கழற்றுங்கள், வீங்கினால் வராது. பாதத்தின் மேல்புறம் நாடி துடிக்கிறதா? கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? விரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா? இதில் ஏதாவது இல்லையென்றாலோ, பாதம் கோணியிருந்தாலோ, எலும்புக்கு மேல் தோல் கிழிந்திருந்தாலோ மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். ஸ்பிளிண்ட் வைத்து 108-ஐ அழையுங்கள். கிழிந்த காயத்தைச் சலைனில் நனைத்த காஸால் மூடி, டெட்டனஸ் ஊசியும் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கும் இங்கேயே கொடுத்துவிடுங்கள்.

படி 2: சரி, எல்லாம் இருக்கிறது. இனி விரல் வேலை. கனடாவின் ஒட்டாவாவில் உருவாகி 1992-ல் வெளியான விதி இது. வெளிக்கணுவின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்துங்கள். உள்கணுவிலும் அப்படியே. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: கணுவுக்கு முன்னால், சற்றுக் கீழே அழுத்துகிறார்கள். அங்கே இருப்பது ஜவ்வு. பிசகிய கால் யாருக்கும் அங்கே வலிக்கத்தான் செய்யும். நமக்கு வேண்டியது எலும்பு. அடுத்து, பாதத்தின் வெளியோரம் நடுவில் தட்டுப்படும் புடைப்பு, உள்புறம் வளைவின் மேலுள்ள எலும்பு. கடைசியாக நாலு அடி நடக்கச் சொல்லுங்கள், நொண்டினாலும் நடைதான்.

எங்காவது எலும்பில் வலித்தால், அல்லது அடிபட்டபோதும் இப்போதும் நாலு அடி வைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். கையோடு கையாக வெளிப்புற எலும்பை முழங்கால் வரை அழுத்திப் பாருங்கள், சில சமயம் முறிவு மேலே இருக்கும்.

குடித்திருப்பவர், வேறு பெரிய அடியும் பட்டவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர், சின்னக் குழந்தை: இவர்களிடம் இந்த விதியை நம்பாதீர்கள். சந்தேகமென்றால் அனுப்பிவிடுவதே நல்லது.

படி 3: விதிப்படி எக்ஸ்ரே தேவையில்லை என்றால், துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், விரல்கள் வெளியே தெரியும்படி கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம் என்று கூட வந்தவரிடமும் சொல்லுங்கள், வீட்டில் அதைத்தான் முதலில் செய்வார்கள். வலி ஏறினாலோ விரல் மரத்தாலோ அன்றே வர வேண்டும். ஒரு வாரமாகியும் காலூன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.