கட்டைவிரல் மூட்டுத் தேய்மானம்: வலியைக் கட்டுக்குள் வைக்கும் வழி

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டியுள்ள மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், பாட்டில் மூடியைத் திருகும்போதும் சாவியைத் திருப்பும்போதும் அங்கே சுருக்கென்று வலிக்கும். விரல் நுனிகளால் ஒரு பொருளை இறுகப் பற்றும்போது அந்த அழுத்தம் பல மடங்காகப் பெருகி இம்மூட்டில் இறங்குவதால், பிடிக்கும் விதத்தை மாற்றுவதே மருந்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. தடித்த கைப்பிடியுள்ள கரண்டி, கத்தி, பேனா ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். கனமான பாத்திரத்தை விளிம்பில் கிள்ளிப் பிடிக்காமல், இரு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். வேலை நேரத்தில் கட்டைவிரலைத் தாங்கும் ஸ்பிளிண்ட் (மூட்டு அதிகம் அசையாமல் பிடித்துவைக்கும் பட்டை) அணியலாம். வலி மிகுந்தால், மாத்திரைக்கு முன்பு மேலே தடவும் வலிநிவாரணி ஜெல்லை முயன்று பாருங்கள். காலையில் பல மூட்டுகள் 30 நிமிடங்களுக்கு மேல் விறைத்திருந்தாலோ, வீக்கத்துடன் காய்ச்சலும் வந்தாலோ, அது வேறு நோயாக இருக்கக்கூடும் என்பதால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.