ரிங் தேய்ந்துவிட்டதா? இன்ஜினைப் பிரிக்கும் முன்பும் பிரித்த பின்பும் நடக்கும் தவறுகள்

சைலன்சரில் நீலப் புகை, மாதாமாதம் ஆயில் டாப் அப், மேடேறினால் இழுவை இல்லை. இந்த மூன்றையும் சொல்லி முடிக்கும் முன்பே பட்டறையில் பதில் வந்துவிடும்: "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்." பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காய்ந்துபோன வால்வ் சீலுக்காகவும் (வால்வ் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்), அடைத்துக்கொண்ட ஒரு பிசிவி வால்வுக்காகவும் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வு) முழு இன்ஜினும் பிரிந்து மேசைக்கு வந்த கதைகள் நிறைய. அளக்காமல் பிரிப்பது, பிரித்த பிறகும் அளக்காமல் பூட்டுவது என்ற இரண்டு இடங்களில்தான் பணம் போகிறது.

பிஸ்டனில் மூன்று ரிங்குகள் உண்டு. மேலே இருப்பது கம்ப்ரஷன் ரிங். எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவது இதுதான். இரண்டாவது ரிங் பாதி அந்த வேலையையும், பாதி ஆயிலைக் கீழே வழிக்கும் வேலையையும் பார்க்கும். மூன்றாவது ஆயில் ரிங். பெரும்பாலான கார்களில் இது இரண்டு மெல்லிய எஃகு வளையங்களும் நடுவே அலையலையான ஒரு எக்ஸ்பாண்டரும் சேர்ந்த மூன்று துண்டு. மேல் ரிங் தேய்ந்தால் இழுவை போகும். ஆயில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டால் ஆயில் போகும். இரண்டும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பதில்லை. கம்ப்ரஷன் நன்றாகக் காட்டும் கார்கூட ஆயில் குடிப்பது இதனால்தான்.

புகையின் நிறத்தை மட்டும் பார்ப்பது

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அவ்வளவுதான். அது எந்த வழியாக உள்ளே போனது என்று நிறம் சொல்லாது. எப்போது வருகிறது என்பதுதான் சொல்லும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குபீர் புகை, சில விநாடிகளில் நின்றுவிடுகிறது என்றால் வால்வ் சீலைச் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுக்க சொட்டுச் சொட்டாக வால்வ் தண்டு வழியே இறங்கிய ஆயில்தான் அது. இன்னும் நல்ல சோதனை மலைப்பாதை இறக்கம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்குகிறீர்கள். காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் ஏறி, தளர்ந்த சீல் வழியே ஆயிலை இழுக்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மறுபடி மிதிக்கிறீர்கள், பின்னால் ஒரு நீல மேகம், பிறகு சுத்தம். அப்போதும் குற்றவாளி பெரும்பாலும் வால்வ் சீலோ கைடோதான். வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டை மட்டும் பார்த்தால் போதும். சில கார்களில் ஹெட்டைக் கழற்றாமலேயே சீல் மாற்றலாம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், மேடேறும்போதும், மிதித்து ஓவர்டேக் செய்யும்போதும் புகை விடாமல் வந்தால் அது ரிங் பக்கம் கை காட்டுகிறது. இதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்வதைவிட, பின்னால் வேறொரு வண்டியில் ஒருவரை வரச் சொல்வது நல்லது. டர்போ வண்டியில் சிக்னலில் சில நிமிடம் ஐடிலிங்கில் நின்று கிளம்பும்போது புகை வந்தால் டர்போவின் சீலையும் பார்க்க வேண்டும். கறுப்புப் புகைக்கும் ரிங்குக்கும் நேரடி உறவு இல்லை. அது டீசலோ பெட்ரோலோ அதிகம் போவது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்தது. நிற்காத வெள்ளைப் புகையோடு கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

பேக் கம்ப்ரஷன் என்று அவசரப்படுவது

ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, "பாருங்க, பேக் கம்ப்ரஷன் அடிக்குது", அதாவது எரியும் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது என்று காட்டுவது வழக்கம். லேசான ஆவியும் துடிப்பும் எந்த இன்ஜினிலும் இருக்கும். மூடியைத் தலைகீழாக ஓட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். மெல்ல அதிர்ந்தால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தால், டிப் ஸ்டிக் குழாய் வழியாகவும் புகை தள்ளினால், விஷயம் இருக்கிறது.

அப்போதும் முதலில் கழற்ற வேண்டியது பிசிவி வால்வும் பிரீதர் குழாயும்தான். ரிங்கைத் தாண்டி வரும் வாயு வெளியேற வேண்டிய வழி அடைபட்டால் சேம்பருக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அழுத்தம் ஏறும். ஆயில் சீல்கள் கசியும். ரிங் தேய்ந்தது போலவே எல்லா அறிகுறிகளும் தெரியும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயிலை நேராக மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும். பெரும்பாலான பிசிவி வால்வுகளைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மாற்றிவிட்டு 1000 கி.மீ. ஓட்டிப் பார்க்கலாம்.

"ஆயில் குடிக்குது" என்பதற்கு எண் இல்லாமல் இருப்பது

எவ்வளவு குடிக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இன்ஜினில் கை வைக்கக் கூடாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல் கோடு வரை நிரப்புங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. கழித்து அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். பல கார்களில் டிப் ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை சரிதான் என்று எழுதும் கையேடுகளும் உண்டு. அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எல்லைக்கோடு என்றே எடுத்துக்கொள்ளலாம். அரை லிட்டரைத் தாண்டினாலே அடுத்த சோதனைக்குப் போவது நல்லது. டேப்பெட் கவர், கிராங்க் சீல், ஆயில் ஃபில்டர் அடி ஆகிய இடங்களில் கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் இந்தக் கணக்கு. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் கணக்கே தப்பு. எரிந்த ஆயிலின் இடத்தைக் கசிந்த பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கும்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டை அரைகுறையாகச் செய்வது

ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, ஆறிய இன்ஜினில், தளர்ந்த பேட்டரியில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. முறை இதுதான்: இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு கம்ப்ரஷன் அடிக்கும் வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். மிதிக்க மறந்தால் காற்றே போகாமல் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும். நல்ல இன்ஜின் பிரிபட இது ஒன்று போதும்.

பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம். கடைசி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் 10-15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. எல்லாமே சமமாகக் குறைந்தால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில், சுமார் 5 எம்.எல்., ஊற்றி மறுபடி எடுங்கள். 100 காட்டியது 140-க்கு ஏறினால், ஊற்றிய ஆயில்தான் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. இந்த ஆயில் சோதனையை டீசலில் செய்யக் கூடாது. அங்கே எரியறை மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே அழுத்தத்தைப் பொய்யாக ஏற்றிவிடும், பற்றிக்கொள்ளவும் கூடும். டீசலுக்கு கேஜும் வேறு.

வசதியுள்ள பட்டறையில் லீக் டவுன் டெஸ்ட் கேளுங்கள். பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சியில் நிறுத்தி, 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். 10-க்குள் இருந்தால் நல்ல நிலை, 20-ஐத் தாண்டினால் கோளாறு. அதோடு காதும் வேலை செய்யும்: ஆயில் மூடியில் 'உஸ்' என்றால் ரிங், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி என்றால் கேஸ்கெட். காற்று அழுத்தத்தில் கிராங்க் சட்டென்று சுழலும். விரலையும் ஸ்பேனரையும் புல்லியிலிருந்து தள்ளி வையுங்கள்.

தடித்த ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது

5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை கொஞ்சம் அடங்கும். வண்டியை விற்கப் போகிறவருக்கு அது வசதி. ஓட்டப் போகிறவருக்கு அல்ல: ஹைட்ராலிக் டேப்பெட்டும் வேரியபிள் வால்வ் டைமிங்கும் மெல்லிய ஆயிலை நம்பி இருப்பவை, காலை ஸ்டார்ட்டில் மேலே ஆயில் ஏறவும் தாமதமாகும். பழைய, இடைவெளி தளர்ந்த இன்ஜின்களில் மட்டும் கையேடு அனுமதிக்கும் தடித்த கிரேடுக்கு ஒரு படி போகலாம்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்து ஆயில் மட்டும் குறையும் வண்டியில் ஒட்டிய ஆயில் ரிங்கை விடுவித்துப் பார்க்கலாம். பிளக் துளை வழியே பிஸ்டன் தலையில் கரி கரைப்பானை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பிளக் இல்லாமலே சுழற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். இதை மறந்து பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்தால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பல ஆண்டுகள் ஆயில் மாற்றாமல் உள்ளே தார் போல் படிந்த இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றுவது ஆபத்து. கழன்ற கசடு சேம்பர் வலையை அடைத்து பேரிங்குக்குப் போகும் ஆயிலை நிறுத்திவிடும்.

ரிங் தேய்ந்தது உறுதியானால் தள்ளிப்போடவும் கூடாது. எரியும் ஆயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். டீசலில் சேம்பர் ஆவியே எரிபொருளாகி, சாவியை அணைத்தாலும் இன்ஜின் தறிகெட்டு ஓடிய சம்பவங்கள் உண்டு.

போரை அளக்காமல் ரிங் மட்டும் மாற்றுவது

எல்லாத் தவறிலும் விலை கூடியது இதுதான். "போர் கண்ணாடி மாதிரி இருக்கு, ரிங் மட்டும் போதும்" என்று சொல்லக் கேட்டால் உஷாராகுங்கள். கண்ணாடி போல மின்னும் போர் நல்ல போர் அல்ல. ஆயிலைப் பிடித்து வைக்கும் குறுக்குக் கோடுகள் அழிந்த போர்.

லேத் பட்டறையில் டயல் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், கிராங்க் திசையிலும் அதற்குக் குறுக்கிலும் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு எண்கள். தாளில் எழுதி வாங்குங்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் சரிவு, குறுக்கு அளவுகளின் வித்தியாசம் நீள்வட்டம். பல கார்களுக்கு 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் எல்லை, உங்கள் இன்ஜினுக்கான எண் கையேட்டில் இருக்கும்.

இவ்வளவு சின்ன எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு? விட்டம் 0.10 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.31 மி.மீ. கூடும். ரிங்கின் வாய் அந்த அளவு கூடுதலாகத் திறக்கும். மாருதி 800-ன் போர் 68.5 மி.மீ. விட்டத்தின் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 என்ற தோராயக் கணக்கில் ரிங் இடைவெளி 0.27 வர வேண்டும். மேலே 0.10 தேய்ந்த போரில் அதே புது ரிங் உச்சியில் 0.58 காட்டும். புது ரிங் போட்ட அன்றே பழைய ரிங்.

எல்லை தாண்டினால் போர் அடித்து (கடைந்து பெரிதாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது சிலிண்டருக்குள் இருக்கும் குழலான லைனரை மாற்ற வேண்டும். எல்லைக்குள் இருந்தால் போரின் உச்சியில் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு நகத்தில் தட்டினால் அதை ரீமரால் எடுக்காமல் விடக் கூடாது. புது ரிங்கின் கூர்விளிம்பு அதில் இடித்து உடையும்.

பிறகு ஹானிங், அதாவது கல்லால் தேய்த்துப் போரில் குறுக்குக் கோடுகள் போடுவது. குறுக்குக் கோடுகள் ஏறக்குறைய 45 டிகிரியில் வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் பின் வரும் கழுவலில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைத்தால் ஹானிங் கல்லின் பொடி கோடுகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும். வெந்நீரும் சோப்புத் தூளும் பிரஷ்ஷும்தான் அதை வெளியேற்றும். கழுவித் துடைத்ததும் ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் போரைத் தேயுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும். வெள்ளையாகவே வரும் வரை, மூன்று முறையானாலும். விட்ட பொடி புது ரிங்கையும் பேரிங்கையும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அரைத்துவிடும்.

பூட்டும்போது

ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, தேய்மானம் குறைந்த கீழ்ப்பகுதியில் ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். மேலே பார்த்தால் கீழே இறுகிவிடும்; சூட்டில் இரு முனைகளும் முட்டிப் போரைக் கீறும். பிஸ்டன் பள்ளத்தில் கரியைச் சுரண்டிய பிறகு ரிங் மேல்கீழாக எவ்வளவு ஆடுகிறது என்றும் பாருங்கள். 0.12 மி.மீ.க்கு மேல் ஆடினால் பிஸ்டனும் மாற்ற வேண்டியதுதான்.

ரிங்கில் புள்ளியோ எழுத்தோ இருந்தால் அது மேல் பக்கம். இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். ஆயில் ரிங்கின் எக்ஸ்பாண்டர் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். ராடு தொப்பிகளை சிலிண்டர் எண் மாற்றிப் பூட்டக் கூடாது. ராடு போல்ட் புதிதாகப் போடச் சொல்லும் இன்ஜினில் பழையதை மறுபடி முறுக்கவும் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டியிலும் குழாயிலும் விரிசல் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பழைய ரிங்கைத் தின்றது அந்த வழியாக வந்த தூசியாகவே இருக்கலாம்.

முதல் 1000 கிலோமீட்டர்

"ரிங் செட் ஆகட்டும்" என்று பட்டறை வாசலில் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடுவது பழைய பழக்கம். பலன் நேர்மாறு. ரிங்கைப் போரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். சுமை இல்லாமல் அந்த அழுத்தம் வராது, போர் மழுங்கிப் பளபளப்பாகிவிடும். ஆயில் அழுத்தமும் கசிவும் பார்த்துச் சூடானதும் சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 40-லிருந்து 70-80 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து இன்ஜின் பிரேக்கிலேயே 40-க்கு இறக்க வேண்டும். இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். முதல் 1000 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும், பாரம் ஏற்றி மலையேறுவதும் வேண்டாம்.

சாதாரண மினரல் ஆயிலில் தொடங்கி, 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். இறக்கிய ஆயிலில் மினுமினுப்பாக மிக நுண்ணிய பொடி தெரிவது இயல்பு. துகளாகக் கையில் அகப்பட்டால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குத் திரும்ப வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயில் கொஞ்சம் குறைந்தால் பதற வேண்டாம். 1500 கி.மீ. தாண்டியும் குறைகிறது என்றால் அந்த ஆறு எண்கள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.