36 படம், நாலரை நொடி

1996இல் வந்த நிக்கான் எஃப்5 பிலிம் கேமரா, பிலிமை மோட்டாரே நகர்த்துவதால், நொடிக்கு 8 படம் எடுக்கும். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் 36 படமுள்ள ரோல் நாலரை நொடியில் காலி. அப்புறம் பிலிம் பின்னோக்கிச் சுற்றி முடித்து, புது ரோல் மாட்டுவதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும்.

அப்படியானால் வேகம் வீணா? இல்லை. இது எஸ்.எல்.ஆர் வகைக் கேமரா; லென்ஸ் வழி வரும் காட்சியை, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டருக்கு உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடிதான் திருப்பிவிடுகிறது. ஷட்டர் திறக்கும் கணத்தில் அந்தக் கண்ணாடி மேலே எழுந்து வியூபைண்டர் இருண்டுவிடும். பதிவாகும் கணத்தை நாம் பார்ப்பதே இல்லை. அதனால் வீரர் தாவப்போகிறார் என்று தோன்றியதுமே, உச்சிக்குச் சற்று முன்பாகவே அழுத்தி, மூன்று படத்தோடு விரலை எடுத்துவிடுங்கள். குழுப் படத்திலும் இதே மூன்று போதும். யாராவது ஒருவர் கண்ணை மூடியே தீருவார்!

ஒவ்வொன்றாக எடுத்தாலும் மோட்டாரால் லாபம்தான். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்த லீவரைத் தள்ளும் வேலை இல்லாததால் கண் வியூபைண்டரை விட்டு நகராது, ஃப்ரேமும் கலையாது. என் கணக்கில் இதுதான் பெரிய வசதி.

எடுத்த படங்களின் எண்ணிக்கை 32ஐத் தாண்டிவிட்டதா? முக்கியமான தருணம் நெருங்குகிறது என்றால் மிச்சத்துக்கு ஆசைப்படாமல் ரோலை மாற்றிவிடுங்கள். கடுங்குளிரும் வறண்ட காற்றும் உள்ள இடத்தில் வேகத்தைக் குறைத்து வையுங்கள். பிலிம் விரைவாக ஓடும்போது நிலைமின்சாரம் உண்டாகி, படத்தில் மின்னல் கீற்றுபோலக் கோடு விழக்கூடும்.