குடல் ஆபரேஷனில் பாசத்தால் நடக்கும் தவறுகள்

காலை 8 மணிக்கு ஆபரேஷன் என்றால் முந்தின இரவு 10 மணிக்கே தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். முறை தள்ளிப்போய் மதியம் 1 மணிக்குத் தியேட்டருக்குள் போகும்போது 15 மணி நேரப் பட்டினி ஆகியிருக்கும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானதே, கணக்குதான் தப்பு. இட்லி போன்ற லேசான உணவுக்கும் பால் டீக்கும் 6 மணி நேர இடைவெளி, தண்ணீருக்கும் பால் சேர்க்காத டீக்கும் 2 மணி நேரம் போதும். எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் சாப்பிட்டால் 8 மணி நேரம் வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கும் குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மயக்க மருத்துவர் சொல்வதே முடிவு.

கத்தி பட்டதும் உடல் அதைப் பெரிய காயமாகவே எடுத்துக்கொள்ளும். கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் என்ற ஹார்மோன்கள் எல்லாம் ஏறும். இன்சுலின் சுரந்தாலும் திசுக்கள் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. ரத்தச் சர்க்கரை உயரும், தசை கரையும். பட்டினியும் உடலை இதே பக்கம்தான் தள்ளுகிறது. அதனால்தான் 50 கிராம் மாவுச்சத்து கரைத்த 400 மில்லி தெளிந்த பானத்தை 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990களில் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரே மருந்தால் இந்த அதிர்ச்சி அடங்காது, உணவு, வலி, திரவம், நடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

“இன்னொரு பாட்டில் ஏத்துங்க, தெம்பா இருக்கும்” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. மூன்று லிட்டர் ஏறினால் 27 கிராம். அதிர்ச்சியில் இருக்கும் உடல் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். குடல் சுவர் வீங்கும், தையல் போட்ட இடம் நனைந்த துணி போல ஊறும், குடல் அசைவு தள்ளிப்போகும். தினமும் காலையில் எடை பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட 2.5 கிலோவுக்கு மேல் கூடினால் ஏற்றிய திரவம் அதிகம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது தைரியம் என்று நினைக்காதீர்கள். வலித்தால் இருமல் வராது, சளி தேங்கும், நிமோனியா வரும். மார்பின் என்ற வலி மருந்தை மட்டும் நம்பினால் குடல் தூங்கிவிடும். ஆகவே பாராசிட்டமாலை மணிப்படி கொடுத்து மார்பினைக் குறைப்பார்கள். அந்த வேளை மாத்திரையை “இப்போ வலிக்கலையே” என்று தள்ளிப்போடாதீர்கள்.

“அசையாம படுத்திரு” என்பதும் தவறு. அன்று மாலையே நாற்காலியில் உட்கார வைக்கலாம். மறுநாளிலிருந்து தினமும் படுக்கையை விட்டு மொத்தம் 6 மணி நேரம் என்பது இலக்கு. சிறுநீர்க் குழாயை மறுநாளே எடுத்துவிட்டால் நடப்பது சுலபம்.

காற்று பிரியும் வரை சாப்பிட எதுவும் கொடுக்காமல் வைப்பது, பிறகு வாரக்கணக்கில் கஞ்சிப் பத்தியம் இரண்டுமே தசையைத்தான் தின்னும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம், கஞ்சியில் அதைவிடக் குறைவு. மருத்துவர் அனுமதித்ததும் முட்டை, தயிர், பருப்பு எனக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வயிறு உப்பி வாந்தி வந்தால் ஊட்டுவதை நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள்.